கல்லாப் பணத்தில் கட்டிய வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணம் இரண்டு நாளில் முடிந்துவிடும். வீடு அப்படியில்லை. எங்கள் வீட்டைக் கட்டி முடிக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. அதனால் கடையில் விழுந்த பள்ளத்தை மூட மூன்று வருடம் ஆயிற்று. எங்களைப் போல் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்று, வரவு செலவை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

கடைக்குப் பின்னால் குடித்தனம்

எங்கள் கடை அருப்புக்கோட்டையில் இருக்கிறது. தகப்பனார் வைத்த கடை. அவருக்குப் பின் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பார்த்து வருகிறோம். முன்னால் கடை, பின்னால் வீடு. நம் வணிகர்களில் பாதிப்பேர் இப்படி வளர்ந்தவர்கள்தான். வத்தல் மூட்டையைப் பிரித்தால் அடுப்படி வரை நெடி ஏறும். பிள்ளைகள் தும்மிக்கொண்டே பாடம் படிப்பார்கள். ராத்திரி கடை எடுத்து வைத்த பிறகு, பருப்பு மூட்டைகளை ஒதுக்கிவிட்டுத்தான் பாய் விரிக்க முடியும்.

தகப்பனார் ஊருக்கு வெளியே 5 சென்ட் மனை வாங்கிப் போட்டிருந்தார். 2,178 சதுர அடி. அதில் எங்கள் தேவைக்கென்று ஒரு வீடு கட்டலாம் என்று முடிவு செய்தோம். அம்மா கேட்டது ஒரு திண்ணை. வீட்டுப் பெண்கள் கேட்டது ஜன்னல் வைத்த அடுப்படி. பிள்ளைகள் கேட்டது படிக்க ஓர் அறை. கட்டி விற்கும் வீட்டில் இவை மூன்றும் சேர்ந்து கிடைக்காது. கடைச் சட்டை போதாது, அளவெடுத்துத் தைக்க வேண்டும் என்று நினைத்தோம். 2019 மாசியில் பூமி பூஜை போட்டோம்.

கணக்கு எங்கே பிசகியது?

1,400 சதுர அடி வீடு. சதுர அடி 1,700 ரூபாய் என்று பேச்சு. மொத்தம் 23 லட்சத்து 80 ஆயிரம். வங்கிக் கடன் 15 லட்சம், இரண்டு சீட்டுப் பணமும் சேமிப்பும் 9 லட்சம், ஆக 24 லட்சம் கையில் இருந்தது. கணக்கு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக ஆரம்பித்தோம். முடிவில் ஆனது 34 லட்சம்.

இந்த 10 லட்சத்து 20 ஆயிரம் எப்படி ஏறியது என்று பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம்.

முதலாவது, மண். எங்கள் பக்கம் கரிசல். மழை பெய்தால் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேல்மண்ணில் நிற்கும் அஸ்திவாரத்தை அது தூக்கித் தூக்கி இறக்கும். சுவர் விரிசல் விடும். மேஸ்திரி நாலடி போதும் என்றார். இன்ஜினியர் குழி தோண்டிப் பார்த்தார். ஏழடி வரை கரிசல், அதற்குக் கீழேதான் சரளை தட்டியது. தூண்களை எட்டடிக்கு இறக்கி, மேலே பெல்ட் போட்டுக் கட்டியதில் 2 லட்சத்து 60 ஆயிரம் கூடுதல். இந்தப் பணத்தைப் பற்றி எங்களுக்கு வருத்தமே இல்லை. இத்தனை மழைக்கும் வெயிலுக்கும் பிறகு சுவரில் ஒரு கீறல் கிடையாது. வருத்தமெல்லாம், குழியை விலை பேசும் முன்னால் தோண்டாமல் பின்னால் தோண்டினோமே என்பதுதான்.

இரண்டாவது, சதுர அடி விலைக்குள் வராதவை. ஆழ்துளைக் கிணறு, தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், மின் இணைப்பு ஆகிய எதுவும் அந்த 1,700 ரூபாயில் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. அது 2019 கோடை. தண்ணீர்ப் பஞ்சம். கான்கிரீட்டுக்கு நனைப்பு குறையக்கூடாது என்பதால் லாரித் தண்ணீர் வேறு வாங்கினோம். எல்லாம் சேர்ந்து 4 லட்சத்து 10 ஆயிரம்.

மூன்றாவது, ஆசை. மாதிரியில் பார்த்த டைல்ஸை விட்டு உயர்ந்த ரகத்துக்குப் போனோம். வேம்பு நிலை போதும் என்றிருந்தவர்கள் தேக்குக்குப் போனோம். 2 லட்சத்து 20 ஆயிரம்.

நான்காவது, இடித்துக் கட்டியது. லிண்டல் மட்டம் வந்த பிறகு அடுப்படியைத் திருப்பினோம், மாடிப்படியை மாற்றினோம். 1 லட்சத்து 30 ஆயிரம். காகிதத்தில் அழித்து எழுதியிருந்தால் ஒரு ரப்பர் செலவு.

தராசைக் கடையில் விட்டுப் போனோம்

கடையில் நாம் 50 கிராம் சீரகத்தையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறோம். வரும் சரக்கையும் எடை பார்க்காமல் இறக்குவதில்லை. ஆனால் மனைக்குப் போனதும் எங்களுக்கு அந்தப் பழக்கம் மறந்துவிட்டது.

எம்.சாண்ட் லோடு 4 யூனிட் என்று சிட்டை வரும். யூனிட் என்றால் 100 கன அடி. ஆறு லோடு வரை சிட்டையைப் பார்த்தே பணம் கொடுத்தோம். ஏழாவது லோடு வந்தபோது தம்பி டேப்பை எடுத்துக்கொண்டு லாரி மேல் ஏறினான். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3½ அடி உயரம். பெருக்கினால் 343 கன அடி. லோடுக்கு 57 கன அடி குறைவு. முந்தைய ஆறும் இதே லாரி. ஆறு லோடுக்கும் 342 கன அடி. அதாவது ஒரு லாரி மணலை வாங்காமலே பணம் கட்டியிருந்தோம். ஈர மணல் உப்பி அளவு கூட்டிக் காட்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு டேப் வைக்காமல் ஒரு லோடும் இறங்கவில்லை.

கம்பியில் எங்களுக்கு நஷ்டம் வரவில்லை. எண்ணிக்கையில் வாங்காமல் எடையில் வாங்கினோம். 12 எம்.எம். கம்பி 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.66 கிலோ இருக்க வேண்டும். 8 எம்.எம். என்றால் 4.74 கிலோ. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்.எம். கம்பியில் ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. ஆகவே எண்ணி வாங்குகிறவர் தெரியாமலே இழப்பார்.

சிமென்ட்டில் எங்கள் வியாபார புத்தியே எங்களைக் கெடுத்தது. விலை இறங்கியபோது சரக்கை வாங்கிப் போடுவது நம் வழக்கம். மூட்டைக்கு 20 ரூபாய் குறைவாக வந்ததென்று 300 மூட்டை இறக்கினோம். 6,000 ரூபாய் லாபம் என்று மகிழ்ச்சி. ஐப்பசி மழை பிடித்தது. தரையில் பலகை போடாமல் அடுக்கியிருந்த அடி மூட்டைகள் கட்டி தட்டிவிட்டன. 34 மூட்டை. 360 ரூபாய் வீதம் 12,240 ரூபாய் கல்லாகிப் போயிற்று. சிமென்ட் பருப்பு அல்ல. காற்றுப்பட்டாலே வீரியம் போகும். மூன்று மாதம் ஆன மூட்டையை நம்பக்கூடாது.

கல்லாவில் வைத்த கை

மணலும் சிமென்ட்டும் சின்ன விஷயம். பெரிய தவறு வேறு.

24 லட்சம் தீர்ந்தபோது வீட்டுக்கு மேல்தளம் போட்டாகிவிட்டது. பூச்சு வேலை பாதியில் நின்றது. நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும் என்று பார்த்தோம். சனிக்கிழமை சம்பளத்துக்குக் கல்லாவைத் திறந்தோம். ஒரு வாரம் 15 ஆயிரம், மறு வாரம் 30 ஆயிரம். அடுத்த மாதம் சரிக்கட்டலாம் என்ற எண்ணம்தான். கடையில் எப்போதும் 14 லட்சத்துக்குச் சரக்கு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக 7 லட்சம் வெளியே போய்விட்டது. அலமாரியில் முன் வரிசை நிறைந்திருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது.

மீதி 3 லட்சத்தை இன்னும் தவறான வழியில் எடுத்தோம். விருதுநகர் மண்டிக்கு 15 நாள் தவணையில் கட்டும் பணத்தை 30 நாள், 45 நாள் என்று இழுத்தோம். தகப்பனார் காலத்தில் ஒரு தவணை தவறியதில்லை. அந்த நாணயத்தை நம்பி அவர்களும் கேட்கவில்லை.

2020 தை மாதம் பால் காய்ச்சினோம். உறவும் ஊரும் வந்து வாழ்த்தினார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டதைப் பார்த்தபோது எல்லாக் கவலையும் மறந்துபோயிற்று.

இரண்டே மாதம். மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தது.

சரக்கு இல்லாத கடை

மளிகைக் கடைக்கு விலக்கு இருந்தது. காலையில் கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கும். பருப்பு, எண்ணெய், மாவு, சோப்பு என்று இரண்டு மாதச் சாமானை ஒரே நாளில் கேட்டார்கள். வாழ்நாளில் அப்படி ஒரு வியாபாரத்தை நாங்கள் பார்த்ததில்லை. கொடுக்கத்தான் சரக்கு இல்லை. மூன்றாம் நாளே துவரம்பருப்பு காலி.

மண்டிக்குப் போன் போட்டோம். லாரி ஓடவில்லை, ஆலை ஓடவில்லை, ரொக்கம் வைத்தவர்களுக்கே சரக்கு போதவில்லை என்றார்கள். பழைய பாக்கி நிற்கும்போது நாங்கள் எப்படி வாய் திறப்பது? மண்டி முதலாளி கோபப்படவில்லை. "தம்பி, உங்க வீட்டுக்கு வந்திருந்தேன். நல்லா கட்டியிருக்கீங்க. என் பாக்கியும் அந்தச் சுவருக்குள்ளதானே இருக்கு?" என்றார். அன்று பட்ட வெட்கம் இன்றும் மறையவில்லை.

இருபது வருடமாக எங்களிடம் பற்று வைத்து வாங்கிய குடும்பங்கள் பையை மடக்கிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரிசி பருப்பு கிடைக்கிற இடத்துக்குத்தானே போவார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் இன்றுவரை வரவில்லை.

வங்கித் தவணை மாதம் 15,200 ரூபாய். ரிசர்வ் வங்கி கொடுத்த அவகாசத்தை மூன்று மாதம் எடுத்துக்கொண்டோம். ஆனால் வட்டி நிற்காமல் ஓடி அசலோடு சேர்ந்தது.

ஒரு ராத்திரி அம்மா தன் வளையலையும் சங்கிலியையும் கழற்றி வைத்தார். மருமக்கள் இருவரும் தங்கள் நகையையும் அதோடு சேர்த்து வைத்தார்கள். "வீடு எங்கயும் ஓடிப் போகாதுப்பா. கடைதான் ஓடணும்" என்றார் அம்மா. நகைக்கடன் 4 லட்சம் வந்தது. அதில் 2 லட்சத்தை முதலில் மண்டிப் பாக்கிக்குக் கட்டினோம். மீதி 2 லட்சத்துக்கு ரொக்கச் சரக்கு எடுத்தோம். மறு வாரமே மண்டியிலிருந்து லோடு வந்தது. பழைய முதலை மீட்டு நகையைத் திருப்ப 2023 ஆகிவிட்டது.

வீடு கட்டப்போகும் நண்பர்களுக்கு

எங்கள் அனுபவத்தில் கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1. கடை முதல் வேறு, வீட்டுப் பணம் வேறு. வீட்டுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அது தீர்ந்தால் வேலையை நிறுத்துங்கள். பூசாத சுவரைப் பார்த்து ஊர் பேசினால் பேசட்டும். காலி அலமாரியைப் பார்த்துப் பேசுவதைவிட அது மேல்.

2. விலை பேசும் முன் மண்ணைப் பாருங்கள். கரிசல் என்றால் குழி தோண்டிப் பார்க்காமல் எஸ்டிமேட் வாங்காதீர்கள்.

3. சதுர அடி விலையில் எது சேரும், எது சேராது என்று எழுதி வாங்குங்கள்.

4. மாற்றமெல்லாம் வரைபடத்தோடு முடியட்டும். வீட்டுப் பெண்களை வரைபடம் போடும் அன்றே உட்கார வைத்துக் கேளுங்கள். நாங்கள் அடுப்படியை இடித்ததற்கு, அவர்களைக் கேட்காததே காரணம்.

5. டேப்பும் நோட்டும் மனையில் இருக்கட்டும். வந்த லோடு, போன மூட்டை, கொடுத்த சம்பளம் அன்றன்றைக்கு ஏற வேண்டும். வேலை முடிந்த அளவுக்கே பணம், முன்பணம் கூடாது.

6. சட்டங்கள் மாறியிருக்கின்றன. எங்கள் காலத்தில் வரைபட அனுமதிக்கு மூன்று மாதம் அலைந்தோம். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வீட்டுக்குச் சிமென்ட் வாங்கி, அந்த வரியைக் கடைக் கணக்கில் கழிக்க முடியாது. யாராவது அப்படி யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

வீடு கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்று பிள்ளைகள் தும்மாமல் படிக்கிறார்கள். அடுப்படி ஜன்னலில் காலை வெயில் விழுகிறது. அம்மா திண்ணையை விட்டு உள்ளே வருவதில்லை. ஆனால் இதையெல்லாம் ஒரு வருடம் பொறுத்து, கல்லாவில் கை வைக்காமலே அடைந்திருக்கலாம். நாம் வீடு கட்டுவது கடை கொடுத்த பணத்தில்தான். அந்தக் கடையின் அஸ்திவாரத்திலிருந்து கல்லை உருவி வீட்டுக்கு வைக்காதீர்கள்.