நாலு பேர், ஒரு மேசை, ஆளுக்கொரு கட்டு: ‘மேஜிக்’ அட்டை விளையாட்டைப் புரிந்துகொள்வோம்

சீட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்கள் பலருக்கு முகம் சுருங்கிவிடும். தோட்டத்தில் சம்பள நாளன்று சீட்டுக்கட்டு என்ன செய்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால், இன்று தமான் வீட்டு முன்கூடத்திலோ மாமாக் கடை மேசையிலோ நாலு பிள்ளைகள் படம் போட்ட அட்டைகளைப் பரப்பி மூன்று மணி நேரம் எழாமல் உட்கார்ந்திருந்தால், “இது என்ன, சூதா?” என்ற கேள்வி வருவது இயல்பு. அட்டையில் பேயும் பூதமும் இருந்தால் இரண்டாவது கேள்வியும் வரும்.

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம். அந்தப் பேய்கள் விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளத்தைவிட ஆபத்தானவை அல்ல. முதல் கேள்விதான் யோசிக்க வேண்டியது. ஆட்டம் சூதல்ல, ஆனால் அட்டைகளை வாங்கும் வழியில் சூதின் வாடை உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஆட்டம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் போக்கிமோன், யு-கி-ஓ அட்டைகளையும் ஆடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது ‘மேஜிக்: த கேதரிங்’. ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கியது. அவர் முதலில் வேறொரு பலகை விளையாட்டைத்தான் ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ நிறுவனத்திடம் கொண்டுபோனார். அதை அச்சிடச் செலவு அதிகம். பையில் போட்டு எடுத்துச் செல்லக்கூடிய, சீக்கிரம் ஆடி முடிக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று நிறுவனத்தின் தலைவர் பீட்டர் அட்கிசன் கேட்டார். 1993 ஆகஸ்டில் மேஜிக் வெளிவந்தது. ரம்மியில் எல்லாரும் ஒரே கட்டிலிருந்து எடுத்து ஆடுவோம். இதில் ஒவ்வொருவரும் தன் கட்டை வீட்டிலேயே அடுக்கிக் கொண்டுவருகிறார். கார்ஃபீல்டு செய்த பெரிய மாற்றம் அதுதான்.

வழக்கமான கட்டில் குறைந்தது 60 அட்டைகள். அடிப்படை நிலங்களைத் தவிர, எந்த அட்டையும் நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப்புள்ளிகள். கையில் ஏழு அட்டைகளுடன் தொடங்கி, தன் முறை வரும்போதெல்லாம் ஒன்றை எடுக்க வேண்டும். எதிராளியின் புள்ளிகளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் வெற்றி.

எதையும் செய்யச் சக்தி வேண்டும். அதன் பெயர் ‘மானா’. நில அட்டைகள் அதைத் தருகின்றன. ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். நிலத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அதன் மானாவைப் பயன்படுத்தியாகிவிட்டது. அடுத்த முறை நிமிர்த்திக்கொள்ளலாம். முதல் முறையில் ஒரு மானா, இரண்டாவதில் இரண்டு. வரவுக்கேற்ற செலவு என்று நம் பாட்டிமார் சொன்னதைப் பிள்ளைகள் இங்கே விளையாடிப் பார்க்கிறார்கள்.

மானாவுக்கு ஐந்து நிறங்கள். வெள்ளை ஒழுங்கையும் கூட்டுப் படையையும் நம்பும். நீலம் அறிவை நம்பும். எதிராளி செய்வதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். கறுப்பு வெற்றிக்காகத் தன் உயிர்ப்புள்ளியையே விலையாகக் கொடுக்கும். சிவப்பு யோசிக்காமல் பாயும். பச்சை பொறுமையாக வளர்ந்து பெரிய விலங்குகளை இறக்கும். யார் எந்த நிறத்தை எடுக்கிறார் என்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்று ஆடுபவர்கள் சிரிப்பார்கள். முற்றிலும் பொய்யில்லை.

ஆட்டத்தின் உண்மையான சுவை இருப்பது ‘அடுக்கு’ என்ற விதியில். கல்யாண வீட்டில் தட்டுகளை அடுக்கினால், கடைசியாக வைத்த தட்டைத்தானே முதலில் எடுப்போம்? இங்கேயும் அப்படியே. 1993-ஆம் ஆண்டின் முதல் தொகுப்பிலிருந்தே இருக்கும் மூன்று அட்டைகளை எடுத்துக்கொள்வோம். என்னிடம் ‘கிரிஸ்லி பேர்ஸ்’ என்ற கரடி இருக்கிறது. தாக்கும் வலிமை 2, தாங்கும் வலிமை 2. நீங்கள் ‘லைட்னிங் போல்ட்’ என்ற மின்னலை அதன்மேல் ஏவுகிறீர்கள். அது 3 புள்ளி சேதம் தரும். அந்த மின்னல் விழுவதற்குள் நான் ‘ஜயண்ட் குரோத்’ அட்டையைப் போடுகிறேன். அது அந்த முறை முடியும்வரை இரண்டு வலிமைகளையும் மூன்று கூட்டும். கடைசியாக வந்த என் அட்டை முதலில் வேலை செய்யும். கரடி 5-க்கு 5 ஆகிவிடும். பிறகு விழும் மின்னலால் சாகாது. அதுவே, நான் அவசரப்பட்டு ஜயண்ட் குரோத்தை முதலில் போட்டு, அதற்குப் பதிலாக நீங்கள் மின்னலை ஏவினால்? மின்னல் முதலில் விழும். கரடி செத்துவிடும். என் அட்டையும் வீண்.

அதே அட்டைகள்தாம், அதே மானாதான். போட்ட வரிசை மாறியதால் முடிவு தலைகீழ். எதிராளி நிலத்தைத் திருப்பாமல் வைத்திருந்தால், “இவன் கையில் என்ன வைத்திருக்கிறான்?” என்று யோசிக்கப் பழகுகிற பிள்ளை, பொறுமையையும் பழகுகிறது.

அதிர்ஷ்டமே இல்லையா என்றால், உண்டு. 60 அட்டைகளில் 24 நிலங்கள் வைத்தால், முதல் ஏழில் நிலமே வராமலோ ஒன்றே ஒன்று வருவதோ ஏறக்குறைய ஏழு ஆட்டத்துக்கு ஒரு முறை நடக்கும். ஒரே ஒரு பிரதி வைத்த அட்டை முதல் கையிலேயே வருவதற்கான வாய்ப்பு 12 விழுக்காடு. நான்கு பிரதிகள் வைத்தால் 40 விழுக்காடு. இடைநிலைப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவு என்றால் கொட்டாவி விடும் பையன், கட்டில் 23 நிலமா 24 நிலமா என்று அரை மணி நேரம் வாதாடுவான். வாதாடட்டும், விட்டுவிடுங்கள்.

மொழியும் இப்படித்தான். அட்டைகள் தமிழிலோ மலாயிலோ வருவதில்லை. இங்கே பெரும்பாலும் ஆங்கில அட்டைகளைத்தான் ஆடுகிறார்கள். ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஓர் ஆட்டமே கைமாறிவிடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிடக் கூர்மையான வாசிப்புப் பயிற்சியை வீட்டில் கொடுப்பது கடினம். 2016-இல் ‘காலதேஷ்’ என்ற தொகுப்பு வந்தது. இந்தியச் சாயலில் கற்பனை செய்த உலகம் அது. சந்திரா நலார் என்ற தீ மந்திரக்காரியின் ஊரே அதுதான். சேலையும் வளையலும் தெரியும் அட்டைகளை நம் பெண்பிள்ளைகள் தேடி எடுப்பதில் வியப்பில்லை.

நண்பர்கள் நாலு பேர் கூடினால் பெரும்பாலும் ஆடுவது ‘கமாண்டர்’ முறை. ஆளுக்கு 100 அட்டைகள்; அடிப்படை நிலங்களைத் தவிர எதுவும் இரண்டு முறை வராது. ஒரு தலைவனைத் தேர்ந்து தனியே வைத்துவிட்டு, 40 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவார்கள். ஆடுபவர்களே உருவாக்கிப் பரப்பிய முறை இது. நிறுவனம் 2011-இல்தான் இதற்கென்று ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டது. நாலு பேர் என்றால் கூட்டணி, வாக்குறுதி, துரோகம் எல்லாம் வரும். “இந்த முறை என்னை அடிக்காதே, அடுத்த முறை நான் உன்னை அடிக்க மாட்டேன்” என்பதற்கு விதிப்புத்தகத்தில் எந்தக் காப்பும் இல்லை. வார்த்தை காப்பாற்றாதவனை மேசை நினைவில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இனி, அந்தச் சூதின் வாடைக்கு வருவோம். தொடக்க கால விதிகளில், ஆளுக்கோர் அட்டையைப் பணயமாக வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்ளும் முறையே இருந்தது. அது கைவிடப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. மிஞ்சி இருப்பது மூடிய பொட்டலம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் காசு கொடுக்கிறோம். ‘பிளாக் லோட்டஸ்’ என்ற பழைய அட்டை ஒன்று 2021-இல் 511,100 அமெரிக்க டாலருக்கு ஏலம் போன செய்தியைப் படித்துவிட்டு, அடுத்த பொட்டலத்தில் அதிர்ஷ்டம் அடிக்கும் என்று பிள்ளை நினைத்தால் கண்டிக்கத்தான் வேண்டும். அந்த அட்டை 1993-இல் வந்த முதல் சில அச்சுகளோடு நின்றுவிட்டது. இன்றைய பொட்டலத்தில் பெரும்பாலும் கிடைப்பது, வாங்கிய விலைக்குக்கூட விற்க முடியாத அட்டைகள். வேண்டிய அட்டையைக் கடையில் தனியாக விலை கேட்டு வாங்குவது பல மடங்கு மலிவு.

அதைவிடக் கவலைக்குரியது நண்பர்களுக்குள் வரும் விரிசல். அப்பா கையில் காசு உள்ள பையன் விலையுயர்ந்த அட்டைகளாக அடுக்கி வருவான். பள்ளிக் கைச்செலவை மிச்சம் பிடித்து வாங்கிய பையன் நாலு வாரம் தொடர்ந்து தோற்பான். ஐந்தாவது வாரம் “வேலை இருக்கிறது” என்பான். அவன் வராததற்குக் காரணம் மற்றவர்களுக்குத் தெரியாது; தெரிந்தாலும் கேட்க மாட்டார்கள். மாற்றிக்கொள்வதிலும் இதே கதைதான்: பதினாறு வயது அண்ணன் பத்து வயதுத் தம்பியிடம் பளபளக்கும் மலிவான அட்டையைக் கொடுத்து, விலை கூடியதை வாங்கிக்கொள்வான். அட்டையின் வலப்புறம் நடுவில் உள்ள சின்னத்தின் நிறத்தைப் பார்த்தால் அது எவ்வளவு அரியது என்று தெரியும். கறுப்பு சாதாரணம், வெள்ளி அடுத்தது, பொன் அரியது, செம்மஞ்சள் மிக அரியது. ஆனால் அரியதெல்லாம் விலை கூடியதல்ல. கைப்பேசியில் விலை பார்க்காமல் மாற்றுவதில்லை என்று குழுவே விதி வைத்துக்கொள்வது நல்லது.

விரிசலைச் சரிசெய்யும் வழி ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘டிராஃப்ட்’ என்ற முறையில் யாரும் வீட்டிலிருந்து கட்டு கொண்டுவர வேண்டாம். ஆளுக்கு மூன்று பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்து, ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். கடைசியில் 40 அட்டைக் கட்டு அடுக்கி ஆட வேண்டும். எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். 2008 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்த அனைத்துலக ‘புரோ டூர்’ போட்டி இந்த முறையில்தான் நடந்தது. அமெரிக்காவின் ஜான் ஃபிங்கல் வென்றார். அதற்கு முன்பே, மலேசியரான டெர்ரி சோ 2005-இல் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் அழைக்கப்பட்ட போட்டியில் வென்று, ஓர் அட்டையை வடிவமைக்கும் பரிசைப் பெற்றார். 2006-இல் வந்த ‘ராக்டோஸ் ஆகர்மேஜ்’ அட்டையில் இருப்பது அவர் முகம்.

ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டலம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் ‘கியூப்’ செய்கிறார்கள். எல்லாரிடமும் மூலையில் கிடக்கும் சாதாரண அட்டைகளைச் சேர்த்து ஒரே பெட்டியில் போடுவது. நாலு பேருக்கு 180 அட்டைகள் போதும்; அடிப்படை நிலங்கள் தனி. ஐந்து நிறத்திலும் ஏறக்குறைய சம எண்ணிக்கை இருக்க வேண்டும். குலுக்கி, 15 அட்டைகள் கொண்ட 12 குவியல்களாகப் பிரித்தால், அவையே பொட்டலங்கள். ஆடி முடித்ததும் எல்லாம் பெட்டிக்கே திரும்பும். அதில் யாருடைய அட்டை எது என்பது இரண்டு மாதத்தில் மறந்துவிடும். பெட்டி யார் வீட்டில் இருப்பது என்பதை மட்டும் மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்கிறார்கள்.