தீட்டு நிற்கும் காலத்தில் ஓமோன் சிகிச்சை: எமது பெண்களுக்கு எட்டுமா?

எமது கிராமங்களில் 45 வயதைத் தாண்டிய பெண்களிடம் சுகம் விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "வயது போனால் இப்படித்தானே." இரவில் வியர்த்துக் கொட்டி நித்திரை குழம்புகிறது. வயலிலோ கொழுந்து மலையிலோ நிற்கும்போது நெஞ்சிலிருந்து முகம்வரை திடீரென அனல் ஏறுகிறது. காரணமின்றிப் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறார்கள். சிறுநீர் கழிக்கையில் எரிவு ஏற்படுகிறது. இவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே விளக்கந்தான். வீட்டிலுள்ள ஆண்களிடம் சொல்ல வெட்கம். வைத்தியரிடம் சொல்வதற்கு இது ஒரு வருத்தமா என்ற ஐயம். ஆகவே பல பெண்கள் ஐந்து, ஆறு ஆண்டுகளை வாய் திறவாமலே கழித்துவிடுகிறார்கள்.

மாதவிடாய் நிற்பது நோயன்று என்பது உண்மையே. பொதுவாக 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் சூலகங்கள் தமது வேலையைக் குறைத்து, ஈஸ்திரஜன் என்னும் ஓமோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. தொடர்ந்து 12 மாதங்கள் தீட்டு வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கொள்ளப்படும். ஆனால் தொல்லைகள் அதற்கு முன்னரே, தீட்டு முறைதவறி வரும் காலத்திலேயே ஆரம்பித்துவிடுகின்றன. உடல் வெப்பத்தைச் சமப்படுத்தும் மூளைப் பகுதி ஈஸ்திரஜன் குறைந்ததும் சிறு மாற்றத்துக்கும் மிகையாகப் பதில் கொடுக்கிறது. திடீர் அனலுக்கும் வியர்வைக்கும் இதுவே காரணம். ஏழு ஆண்டுகள் வரை இந்த அனலுடன் போராடும் பெண்கள் அநேகர். எலும்பு முதல் சில ஆண்டுகளில் வேகமாகத் தேய்கிறது. பெண்ணுறுப்பின் தோலும் சிறுநீர்ப் பாதையின் உட்தோலும் மெலிந்து வரளுகின்றன. அனல் காலப்போக்கில் தணியலாம். இந்த வரட்சியோ தானாக மாறுவதில்லை.

எல்லாப் பெண்களுக்கும் சிகிச்சை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிலர் எவ்வித உபாதையுமின்றி இக்காலத்தைக் கடந்து விடுகிறார்கள். ஆனால் இலங்கைப் பெண்களின் சராசரி ஆயுள் இன்று 80ஐ அண்மித்துள்ளது. அதாவது வாழ்வின் மூன்றிலொரு பங்கு தீட்டு நின்ற பின்னரே வருகிறது. நித்திரையின்றி மறுநாள் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, குடும்பத்தைத் தனியே தாங்கும் விதவைக்கு, இது பொறுத்துக்கொள்ள வேண்டிய சிறு விடயமல்ல.

சிகிச்சை என்பது என்ன?

உடல் சுரக்காமல் விட்ட ஈஸ்திரஜனைச் சிறிய அளவில் வெளியிலிருந்து கொடுப்பதே ஓமோன் சிகிச்சை. குளிசையாகவும், தோலில் ஒட்டும் பட்டியாகவும், கையில் பூசும் ஜெல்லாகவும் அது வருகிறது. கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்திரஜனை மட்டும் கொடுத்தல் ஆகாது. அது கருப்பையின் உட்சுவரை அளவுக்கு மீறி வளரச் செய்து புற்றுநோய்க்கு வழிவிடும். 1975இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. அதனால் புரொஜெஸ்தரோன் வகை ஓமோன் ஒன்றும் கூடவே கொடுக்கப்படும். கருப்பை அகற்றப்பட்டவருக்குப் பொதுவாக ஈஸ்திரஜன் மாத்திரம் போதும்.

வரட்சியும் சிறுநீர் எரிவும் மாத்திரம் உள்ளவருக்கு உள்ளே பூசும் ஈஸ்திரஜன் கிறீம் போதுமானது. இதன் அளவு மிகக் குறைவு. இரத்தத்தில் கலப்பதும் மிகச் சொற்பம். அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று நுண்ணுயிர்கொல்லிக் குளிசைகளையே மாறி மாறி விழுங்கும் வயதான தாய்மாரில் சிலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். இதைக் கேட்டால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. கட்டி, மிகையான இரத்தப்போக்கு முதலிய காரணங்களால் 40 வயதளவிலேயே சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பெண்கள் இவர்கள். கருப்பையோடு இரு சூலகங்களும் எடுக்கப்பட்டிருந்தால் ஓமோன் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. தொல்லைகளும் கடுமையாக வருகின்றன. இத்தகைய பெண்களுக்கும், 40 வயதுக்கு முன்னரே தானாகத் தீட்டு நின்றவர்களுக்கும், தடை ஏதும் இல்லாவிடில் 50 வயதளவு வரையாவது ஓமோன் கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவு. இவர்களுக்கு இது சுகம் தேடும் மருந்து மாத்திரமல்ல. எலும்பையும் இருதயத்தையும் காக்கும் மருந்துமாகும். "எல்லாத்தையும் எடுத்துப்போட்டாங்கள்" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பெண்கள், வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டையைத் தேடி எடுத்து, சூலகங்களும் எடுக்கப்பட்டனவா என்பதை ஒருவரைக் கொண்டு வாசித்து அறிவது நல்லது.

பயம் எங்கிருந்து வந்தது?

"ஓமோன் எடுத்தால் புற்றுநோய் வரும்" என்ற பேச்சு வைத்தியர்களிடையேயும் பரவியிருந்தது. இதற்கு 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் இடைநிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வே காரணம். 16,000க்கு மேற்பட்ட பெண்கள் அதில் பங்குபற்றினர். மருந்து எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டொன்றுக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இரு ஓமோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில் அது 38 ஆக இருந்தது. பாரிசவாதமும் இரத்தக்கட்டியும் சிறிது கூடின. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. செய்தித்தாள்கள் இந்த எண்ணிக்கைகளைச் சொல்லாமல் ஆபத்தை மாத்திரம் சொல்லின. உலகெங்கும் பெண்கள் மருந்தைக் கைவிட்டனர்.

அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. தீட்டு நின்று நெடுங்காலம் சென்றபின் ஆரம்பித்தவர்களே அவர்களுட் பலர். பின்னர் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள் அல்லது தீட்டு நின்று 10 ஆண்டுகளுக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு நன்மையே அதிகம் என்று தெரிந்தது. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்திரஜன் மாத்திரம் எடுத்தவர்களிடத்தில் மார்பகப் புற்றுநோய் கூடவுமில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இம்மருந்துகளின் மேலுறையில் இருந்த கடும் எச்சரிக்கைகளிற் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது.

இதனால் ஆபத்தே இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் கண்டறியப்படாத இரத்தப்போக்கு உள்ளவர், இரத்தக்கட்டி அல்லது பாரிசவாதம் கண்டவர், கடும் ஈரல் நோயாளர் ஆகியோருக்குக் குளிசையோ பட்டியோ பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. அவர்களுக்கு ஓமோன் அல்லாத வேறு குளிசைகள் உண்டு. அயலவர் எடுக்கும் குளிசையைக் கேட்டு வாங்கி எடுப்பது எவருக்குமே ஆகாது. சாத்தாவாரிக் கஞ்சி நல்ல உணவு, குடிக்கலாம். அது ஓமோன் சிகிச்சையின் வேலையைச் செய்யும் என்று சொல்லி விலை கூட்டி விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

கிழங்கிலிருந்து வந்த மருந்து

இம்மருந்து ஏன் பலருக்கு எட்டாததாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 1940களின் தொடக்கத்தில் புரொஜெஸ்தரோன் ஒரு கிராம் 80 டொலர் வரை விலைபோன அரும்பொருள். ரசல் மார்க்கர் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர், மெக்சிக்கோவின் காடுகளில் வளரும் ஒருவகைக் காட்டுக் கிழங்கிலிருந்து அதனைச் செய்யலாம் என்று கண்டார். வெராக்குரூஸ் பிரதேசத்துக் கிராமவாசிகள் மண்வெட்டியால் தோண்டியெடுத்த கிழங்கு, 1944இல் அந்நாட்டில் ஒரு மருந்துக் கம்பனியையே உருவாக்கியது. விலை சரிந்தது. இன்று ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் ஆகிய மூல மருந்துகளுக்கு எவரும் காப்புரிமை கொண்டாட முடியாது.

அப்படியாயின் பணம் எங்கே போகிறது? பட்டி, ஜெல் முதலிய புதிய வடிவங்களுக்கும் வர்த்தகப் பெயருக்கும் போகிறது. அதைவிட முக்கியமானது, இது ஒரு வாரத்து மருந்தல்ல என்பதே. மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில், அநேகமாக இரண்டு மருந்துகளாக வாங்க வேண்டும். ஒரு மாதத்துக்குச் சிறிய தொகையாகத் தெரிவது ஐந்தாண்டில் பெருந்தொகையாகிறது. கிராமத்துப் பெண்ணுக்கோ பஸ் செலவும் ஒருநாட் கூலி இழப்பும் அதன்மேல் சேரும்.

செல்வந்த நாடுகளிலும் பெண்கள் இந்தச் சுமையைப் பற்றிக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கட்டணம். ஆகவே இரு ஓமோன்களும் தேவைப்பட்டவர் இருமடங்கு செலுத்தினார். 2023 ஏப்ரல் 1 முதல் அங்கே 19.30 பவுணுக்கு ஓர் ஆண்டுச் சான்றிதழ் வந்தது. அன்றைய நிலையில் இரு கட்டணங்களுக்குச் சமனான அத்தொகையுடன் ஆண்டு முழுவதும் ஓமோன் மருந்துகளைப் பெற முடிந்தது. அயர்லாந்து 2025 ஜூன் முதல் இம்மருந்துகளை இலவசமாக்கியது. அவுஸ்திரேலியாவில் பாராளுமன்ற மேற்சபைக் குழுவொன்று பெண்களின் சாட்சியங்களைக் கேட்டு 2024இல் அறிக்கையிட்டது. 2025 மார்ச் 1 முதல் ஒரு ஜெல்லும் புரொஜெஸ்தரோன் மருந்தும் அரச மானியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மானியமின்றி ஆண்டுக்கு 670 டொலர் வரை செலவான இடத்தில், ஒரு மருந்துச் சிட்டைக்கு ஆகக்கூடியது 31.60 டொலர் என்றாயிற்று. குறைந்த வருமானமுடையோருக்கு அது 7.70 டொலர். 2026 ஜனவரியில் முதற்கூறிய தொகை 25 ஆகக் குறைக்கப்பட்டது.

விலை குறைந்தால் மட்டும் போதாது என்பதையும் அந்நாடுகளே காட்டின. 2022இல் பிரித்தானியாவில் ஜெல்லுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒருவருக்கு மூன்று மாத அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருந்தகங்களுக்குக் கட்டளையிட நேர்ந்தது. அதே ஆண்டில் எமது நாட்டில் டொலர் இன்றி அத்தியாவசிய மருந்துகளே இல்லாமற் போனதை நாம் மறக்கவில்லை.

எமது வழி எது?

எமக்கு ஒரு வசதி உண்டு. இலவச சுகாதார சேவை ஊர்வரை வந்திருக்கிறது. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பரிசோதிப்பர். ஓமோன் தொடங்கு முன் ஒரு பெண்ணுக்குப் பார்க்க வேண்டியவற்றிற் பெரும்பகுதி இதுவே. ஆனால் புற்றுநோய் இருப்போர்தான் அங்கே போவர் என்ற தவறான எண்ணத்தால் பலர் அழைப்பு வந்தும் போவதில்லை.

போகும் பெண் என்ன சொல்வது? "மிஸி, எனக்கு உடம்பு சரியில்லை" என்றால் இரத்தமும் சிறுநீரும் சோதித்து அனுப்பிவிடுவார்கள். "கடைசியாகத் தீட்டு வந்து எட்டு மாதம். ராவில் நாலு தரம் வியர்த்து எழும்புறன். இதற்கு ஓமோன் மருந்து எடுக்கலாமா?" என்று கேட்டாலோ, சுகாதார வைத்திய அதிகாரியிடமோ பெண்நோயியல் கிளினிக்குக்கோ கடிதம் கொடுத்து அனுப்ப வழி பிறக்கும். ஒரு மாதத்துக்கு எத்தனை நாள் அனல் வந்தது, எத்தனை இரவு நித்திரை கெட்டது என்று கலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம்.

வைத்தியசாலை மருந்தகத்தில் மருந்து இல்லாமல் வெளியில் வாங்கும்படி துண்டு தந்தால், அதில் மருந்தின் பொதுப்பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். 1971இல் பேராசிரியர் சேனக பிபிலே முதல் தலைவராக இருந்து கட்டியெழுப்பிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் நோக்கமே, வர்த்தகப் பெயருக்குப் பணம் கொட்டாமல் பொதுப்பெயரில் மலிவாக மருந்து கிடைக்கச் செய்வதுதான். ஆகவே முதலில் ஒசுசலவில் விசாரியுங்கள். பாமசியில் விலை கூடிய பட்டியைத் தந்தால், இதே ஓமோன் குளிசையாக உண்டா, எனக்கு அது பொருந்துமா என்று வைத்தியரிடம் திரும்பக் கேட்பதில் குறைவொன்றுமில்லை. பலருக்குக் குளிசையே போதும். இரத்தக்கட்டி ஆபத்துள்ளவருக்குப் பட்டியோ ஜெல்லோதான் பாதுகாப்பானது. அங்கே விலை பார்த்துக் குளிசைக்கு மாறக் கூடாது.

மாதர் சங்கங்கள் ஒரு காரியம் செய்யலாம். தமது பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியை ஒரு கூட்டத்துக்கு அழைத்து, பெண்கள் மாத்திரம் இருக்கும் வேளையில் இவ்விடயத்தைப் பேச வைக்கலாம். மாவட்ட வைத்தியசாலையில் இம்மருந்துகள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். கேட்கும் பெண்கள் இல்லாதபோது மருந்துக்கான மதிப்பீட்டிலும் அது இடம்பெறாது.

கடைசியாக ஒன்று. தீட்டு முற்றாக நின்று ஓராண்டு கழிந்தபின், மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மீண்டும் இரத்தம் பட்டால், அது சிறு கறையாயினும், "திரும்பவும் தீட்டு வந்துவிட்டது" என்று இருந்துவிட வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.