வலியும் நிறைவும்

வலி பிறர் கண்ணுக்குப் புலப்படாதது. நோயாளி உரைத்தாலன்றி மருத்துவர் அறியார். ஆதலின் 0 முதல் 10 வரை எண்ணிட்டு அவரையே அளந்து கூறச் செய்கின்றனர். ஆயின், 'வலி தணித்த முறையில் நிறைவுற்றீரா?' என்பது வேறு வினா. கடும் வலியில் கிடந்தவரும் 'நிறைவே' என விடையிறுத்தலை ஆய்வாளர் பன்முறை கண்டுள்ளனர். செவிலியர் அன்புடன் வந்து வினவியதே அவர்க்குப் போதுமாகிவிடுகிறது. அறுவைக்குப்பின் வலி இயல்புதானே என்றும் அமைந்துவிடுகிறார்.

அமெரிக்க அரசோ மருத்துவமனைகளுக்குத் தான் வழங்கும் மெடிகேர் காப்பீட்டுத் தொகையில் ஒரு சிறு பங்கை 2012 முதல் இத்தகைய விடைகளோடு பிணைத்தது. மதிப்பெண் வேண்டி அபின்வகை மருந்துகள் மிகுதியாய்த் தரப்படுமோ என்னும் அச்சம் எழவே, வலி பற்றிய வினாக்களை அப்பிணைப்பினின்று விடுவிக்க 2016இல் முடிவு செய்தது. வினாவைப் பிழை எனோம். பணத்தோடு கட்டியதையே பிழை என்போம். எண்ணையும் விடையையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 8 எனக் கூறியும் 'நிறைவே' என்பவரிடமே மருத்துவர் மீண்டும் செல்லவேண்டும் என்பது நம் கருத்து.