இன்றைக்கு வேண்டிய பலம்

தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவரை, இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நாமெல்லாம் தூக்கத்தில் நம்மை அறியாமலே புரண்டு படுத்துக்கொள்கிறோம். ஒரே பக்கமாகக் கிடந்தால் உடம்பு வலிக்கும். அந்த வலியே நம்மைத் திருப்பிவிடும். வலி தெரியாதவருக்கு இன்னொருவர்தான் அதைச் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் எலும்பு துருத்துகிற இடங்களில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் வந்துவிடும். சிவந்திருக்கும் தோலை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அது புண்ணின் முதல் அறிகுறி. என் வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்த பிறகு நர்சம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் ஆசிரியை. எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. கடவுளை நம்பினால் பலம் கிடைக்கும் என்று சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டு வளர்ந்தேன். அது உண்மைதான். ஆனால் அந்தப் பலம் எப்படி வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துதான் எனக்குப் புரிந்தது.

ஆரம்பத்தில் ஜெபிக்க வந்தவர்களில் சிலர், “விசுவாசமா இருங்கம்மா, அண்ணன் எழுந்து நடப்பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பில் சொன்னதுதான். அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் போர்வையை விலக்கிக் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பார். முகம் சிவக்க முயற்சி செய்வார். விரல் அசையாது. ஒரு நாள், “எனக்குத்தான் விசுவாசம் பத்தலையோ?” என்று கேட்டார். படுத்த படுக்கையாக இருப்பவர் தலையில் இந்தப் பாரத்தையும் ஏற்றிவைப்பது கொடுமை. தன் உடம்பில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் மூன்று முறை வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தச் சபையாவது சொல்லுமா? இதைத்தான் அன்றைக்கு இவரிடம் சொன்னேன்.

யாத்திராகமத்தில் மன்னாவைப் பற்றி ஒரு பகுதி வரும். வனாந்தரத்தில் ஜனங்கள் காலையில் போய் அன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஓய்வுநாளுக்கு முந்தின தினம் மட்டும் இரண்டு மடங்கு. மற்ற நாட்களில் மறுநாளுக்கென்று எடுத்துவைத்தால் புழுத்து நாறிவிடும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நானே சொல்லியிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்து எழும்போதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. இனி பத்து வருஷம், இருபது வருஷம் இப்படி எப்படி ஓட்டப்போகிறேன் என்று யோசித்தால் கைகால் ஓய்ந்துவிடும். இருபது வருஷத்துக்கு வேண்டிய பலம் என்னிடம் கிடையாது. விடிவதற்குள் இன்னும் இரண்டு முறை புரட்ட வேண்டும், அதற்கு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால், இருந்தது.

அதற்குப் பிறகு என் காலை ஜெபமே மாறிவிட்டது. அன்றைய வேலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பேன். யூரின் பை மாற்றும்போது அவர் கூச்சப்படாதபடி பேச வேண்டும். ராத்திரி தூங்காத எரிச்சலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் காட்டக் கூடாது. மருந்துக் கடைப் பாக்கியைக் கேட்டால் பதறாமல் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கேட்பேன். பெரிய வார்த்தைகளில் ஜெபித்த காலத்தைவிட இப்போது என் ஜெபத்தில் உண்மை அதிகம்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே இவரைச் சேர்த்திருந்தபோதுதான் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொண்டேன். 1925-இல் கேரளத்தில் பிறந்து, வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954-இல் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பெரிய காயம். தண்டுவடமும் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. டாக்டராக இனி என்ன செய்ய முடியும் என்று மனம் உடைந்திருந்தவருக்கு வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் முன்னோடி. கையில் செய்யும் அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். அதற்குக் கால் எதற்கு? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கத் தொடங்கினார். தங்களைத் தொட்டுப் பார்க்கவே ஊர் பயந்த காலத்தில், தானும் ஊனமான ஒரு டாக்டர் கையைப் பிடித்துப் பார்ப்பது அந்த நோயாளிகளுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்!

பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் மறுவாழ்வு மையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-இல் இறக்கும்வரை அவர் கால்கள் குணமாகவே இல்லை. ஆழ்ந்த விசுவாசி அவர். பழையபடி நடக்க வேண்டும் என்ற அவர் விருப்பம் நிறைவேறவில்லை. அவர் உழைப்பால் நடமாடத் தொடங்கியவர்கள் ஏராளம். கடவுள் பதில் கொடுத்த விதம் இதுதான் என்றே நான் நம்புகிறேன்.

அந்த மையத்தில் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று, சக்கர நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவது. உட்காரும் இடத்தில் புண் வராமல் இருக்க அடிக்கடி இதைச் செய்ய வேண்டும். “தூக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருங்க சார், மனசுக்குள்ள எண்ணுங்க” என்றார் பயிற்சி கொடுத்த தம்பி. இவர் எண்ணுவதில்லை. இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் ஒரு வசனத்தை மெதுவாகச் சொல்லி முடிக்கும்வரை தூக்கியபடியே இருப்பார். தோள் நடுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். வசனம் முடிந்த பிறகுதான் இறங்குவார். அடுத்த முறை அடுத்த வசனம். சங்கீதம் ஒரு சுற்று முடிவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இப்போது வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். கால் சுட்டாலும் அவருக்குத் தெரியாது என்பதால், கால் பக்கம் சூடான எதையும் வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டு தனியாக இதையெல்லாம் நான் தாங்கவில்லை. ரொம்பவும் தளர்ந்துபோன ஒரு சாயங்காலம் எதிர் வீட்டு பாத்திமா அக்கா வந்து, “டீச்சரம்மா, நீங்க உள்ள போய் படுங்க. என் பையன் அண்ணன பாத்துப்பான், நேரத்துக்குத் திருப்பிப் போடுவான்” என்றார். அந்தப் பையன் எங்கள் பள்ளியில் படித்தவன். எப்படிப் புரட்ட வேண்டும் என்று ஏற்கெனவே பார்த்துக் கற்றுவைத்திருந்தான். அன்றைக்குக் காலையில்தான், கொஞ்சம் தூக்கம் வேண்டும் ஆண்டவரே என்று கேட்டிருந்தேன்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். பக்கவாதம், விபத்து, முதுமை, ஏதோ ஒரு காரணத்தால் ஒருவர் படுத்திருப்பார், இன்னொருவர் தூங்காமல் இருப்பார். அங்கே போனால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பாதீர்கள். எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்த வீட்டு அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டு, ஒரு இரண்டு மணி நேரம் அங்கே உட்காருங்கள்.