உங்களுக்குத் தெரியுமா? குழாய்களுக்கென்றே தனி மாடி!

● போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க், கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் பசிபிக் கடலைப் பார்த்த மேட்டில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். நிலம், சான் டியேகோ நகரம் கொடுத்தது. ‘பிக்காசோவை அழைத்து வந்து காட்டும் தகுதி அதற்கு இருக்க வேண்டும்’ என்று கட்டடக் கலைஞர் லூயி கானிடம் அவர் கேட்டுக்கொண்டார். 1965-ல் கட்டி முடித்தார்கள்.

● அதற்கு முன் கான் பிலடெல்ஃபியாவில் கட்டிய ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக்கூடத்தைக் கட்டடக் கலை உலகமே கொண்டாடியது. உள்ளே வேலை பார்த்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். இடம் போதவில்லை, வெயிலில் கண் கூசியதால் ஜன்னல்களை மறைத்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் லா ஹோயாவில் கைகொடுத்தது.

● சால்க் நிலையத்தின் ஆய்வுக் கட்டடங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஆறு தளங்கள். ஆய்வு நடப்பது மூன்றில் மட்டுமே! ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் காற்றுக் குழல்களுக்கும் என்றே ஒரு தளம். ஆள் நிமிர்ந்து நடக்கலாம். பழுது பார்க்க வருபவர் மேலே வேலையை முடித்துவிட்டுப் போவார். கீழே சோதனை நிற்காது. கூரையைத் தாங்கும் ஆழமான கான்கிரீட் சட்டங்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அதனால் 245 அடி நீளம், 65 அடி அகலமுள்ள ஆய்வுக்கூடத்தின் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. மேசை, தடுப்பு எதையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். நாளைய கருவி எப்படி இருக்கும் என்று இன்று யாருக்குத் தெரியும்? என் கணக்கில், இந்தக் கட்டடத்தின் ஆகப் பெரிய சாதனை இதுதான்.

● உயரக் கட்டுப்பாடு இருந்ததால் கீழ்த்தளங்கள் மண்ணுக்குள் இறங்கின. பக்கத்திலேயே திறந்த பள்ளங்கள் விட்டு அங்கும் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார் கான்.

● சுவருக்குப் பூச்சும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. எரிமலைச் சாம்பல் வகைக் கலவை சேர்ந்த கான்கிரீட்டின் இளஞ்சிவப்புச் சாயலே அதற்கு அழகு.

● விஞ்ஞானிகள் தனியே உட்கார்ந்து யோசிக்க 36 அறைகள். சுவர்களைச் சாய்கோணத்தில் திருப்பியிருப்பதால் எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியும். ஜன்னல்கள் தேக்கு, உப்புக் காற்றில் நைந்தவற்றை 2017-ல் செப்பனிட்டு முடித்தபோது, பழைய மரத்தில் பெரும்பகுதியை அப்படியே காப்பாற்றிவிட்டார்கள்.

● நடு முற்றத்தில் ஒரு மரம்கூட இல்லை. தோட்டம் வைக்கலாமா என்று கான் கேட்டபோது, வேண்டாம் என்று தடுத்தவர் மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான். முற்றத்தின் நடுவே கடலை நோக்கி ஓடும் சிறு வாய்க்காலின் நேர்கோட்டில், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் மறைகிறது.

● அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகமும் கான் வடிவமைத்ததே.

புதிதாக ஆய்வுக்கூடம் கட்டவிருக்கும் கல்லூரிகளே, முகப்பை வரையச் சொல்லும் முன் குழாய்கள் எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள்!