வெந்நீர்த் தொட்டியில் எத்தனை டிகிரி?

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். நள்ளிரவில் ஷிப்டு முடிந்து வந்தாலும் வெந்நீர் தயாராக இருக்க வேண்டுமென்று எதிர் வீட்டு இளைஞர்கள் கீசரை அணைப்பதே இல்லை. போன மார்கழியில் அவர்களில் ஒருவர் காலில் கட்டுடன் வந்தார்.

“குழாயைத் திறந்து காலை நீட்டினேன், சார். இழுப்பதற்குள் தோல் வெந்துவிட்டது. கீசரை எத்தனை டிகிரியில்தான் வைப்பது?” என்று கேட்டார்.

கல்லூரியிலிருந்து ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். 72 டிகிரி செல்சியஸ்! சரியான அளவு எது? மாணவர்களே, நாமும் ஆராய்வோம்.

தோல் தாங்கும் நேரம்

சூடு எவ்வளவு என்பது மட்டுமல்ல, எவ்வளவு நேரம் படுகிறது என்பதும் முக்கியம். 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தனர். 44 டிகிரி வெப்பம் தோலைக் கெடுக்க 6 மணி நேரம் ஆகிறது. 49 டிகிரிக்குச் சுமார் 10 நிமிடம் ஆகிறது. 60 டிகிரிக்கோ 5 விநாடிகளே போதும்! 16 டிகிரி ஏறியதும் நேரம் நாலாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதைக் கவனியுங்கள். குழந்தைகளின் மெல்லிய தோல் இன்னும் விரைவில் வெந்துவிடும்.

அப்படியானால் தொட்டியை 45 டிகிரியிலேயே வைத்துவிடலாமே? கூடாது. ஏன்?

இளஞ்சூட்டில் வளரும் கிருமி

1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு கூடினார்கள். அதில் கலந்துகொண்டவர்களில் 29 பேர் ஒருவகை நிமோனியாவால் இறந்தனர். மறு ஆண்டு, காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தனர்; பின்னர் அதற்கு ‘லெஜியோனெல்லா’ என்று பெயரிட்டனர். இது வெந்நீர்த் தொட்டிகளிலும் குடியேறும் என்பது பின்னர் தெரியவந்தது. ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்திவலைகளோடு மூச்சு வழியே நுரையீரலுக்குள் போய்விடும். 20 முதல் 45 டிகிரி வரை இதற்குக் கொண்டாட்டம். 50 டிகிரியில் மெல்ல மெல்லச் சாகும். 60 டிகிரியிலோ சில நிமிடங்களில் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவேதான் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மின்சாரம் எங்கே போகிறது?

60 டிகிரி வைத்தால் கரண்டு பில் ஏறாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய் நீர் 28 டிகிரி என்று கொள்வோம். 40 டிகிரியில் 20 லிட்டர் வாளித் தண்ணீர் வேண்டுமானால் 20 × 4.2 × 12 = 1,008 கிலோஜூல், அதாவது 0.28 யூனிட் தேவை. தொட்டி 50 டிகிரியில் இருந்தாலும் 60-இல் இருந்தாலும் இந்த அளவு மாறாது. விளாவும்போது சூடான நீர் குறைவாகப் போதும், அவ்வளவுதான். 25 லிட்டர் தொட்டி 50 டிகிரியில் இரண்டு வாளிக்குச் சற்று மேலும், 60 டிகிரியில் மூன்று வாளிக்கு மேலும் தரும்.

நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. தொட்டியின் சுவர் வழியே வெப்பம் ஓயாமல் கசிகிறது. உள்ளே இருக்கும் நீருக்கும் வெளிக்காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அதற்கேற்பக் கசிவும் கூடும். கீசரின் நட்சத்திரச் சீட்டில், 45 டிகிரி வித்தியாசத்தில் 24 மணி நேரத்துக் கசிவைக் குறித்திருப்பார்கள். அது 0.9 யூனிட் என்றும், அறை 30 டிகிரி என்றும் கொண்டால், நாள் முழுதும் அணைக்காத கீசர் 50 டிகிரியில் 0.4, 60-இல் 0.6, 72-இல் 0.84 யூனிட் இழக்கும். எதிர் வீட்டு இளைஞர்கள், யாரும் குளிக்காமலேயே தினமும் மூன்று வாளி வெந்நீருக்கான மின்சாரத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்!

ஆக, சிக்கனம் சூட்டைக் குறைப்பதில் இல்லை. சுவிட்சை அணைப்பதில் இருக்கிறது. 25 லிட்டரை 28-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2 கிலோவாட் கீசருக்கு அரை மணி நேரம் போதும்.

60-க்கு மேலே போகவும் வேண்டாம். ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, சூடு ஏற ஏற அதிகமாகப் படியும். படிவு மூடிய சூடேற்றும் கம்பி தன் வெப்பத்தை வெளியே விட முடியாமல் கருகிப்போகும்.

நாம் செய்ய வேண்டியது

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். குளிப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். விளாவிய நீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்த பிறகே குளியுங்கள். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்பினால், தொட்டி முழுதும் நன்றாகச் சூடேறிய பிறகே பயன்படுத்துங்கள்.

விடுதிகளின் பெரிய தொட்டிகளில் கதை வேறு. வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க இடமுண்டு. இவ்வளவு பேர் தங்கும் இடத்தில் ஷிப்டுக்கு ஷிப்டு வெந்நீர் தேவைப்படும். அணைத்து வைக்க இயலாது. அத்தகைய இடங்களில் தொட்டி எப்போதும் 60 டிகிரியில் இருக்க வேண்டும். குழாய்க்கு வருமுன் தானே குளிர்நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் வால்வும் வேண்டும். நம் பாட்டிமார் செம்பால் விளாவியதை அங்கே ஒரு வால்வு செய்கிறது.

எதிர் வீட்டு இளைஞரின் கால் ஆறிவிட்டது. இப்போது அவர்கள் கீசரின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்: “60. அரை மணி. அணை.”

உங்கள் வீட்டு கீசர் எத்தனை டிகிரி? பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்.