மூச்சுக் காற்று வந்த வழி

மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்று நம் நாட்டு யோக மரபு கணக்கிட்டது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்பது அதன் பொருள். இன்றைய மருத்துவர் கூறுவதும் ஏறக்குறைய அதுவே. இம்மூச்சுக்கு ஆதாரமான பிராணவாயு எங்கிருந்து வந்தது? பூமியுடன் கூடப் பிறந்தது என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று.

ஒரு கிரகம் காற்றைப் பெறுவது வேறு. பெற்றதைக் காப்பது வேறு. வாயுவின் மூலக்கூறுகள் ஓயாமல் விரைந்து திரிபவை. வெப்பம் ஏற ஏற அவற்றின் வேகமும் ஏறும். எடை குறைந்தவை மேலும் விரைந்து ஓடும். பூமியின் ஈர்ப்பை மீறி ஒரு பொருள் வெளியேற விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சந்திரனிலோ 2.4 கிலோமீட்டரே போதும். ஆதலின் சந்திரனால் காற்றைக் காக்க இயலவில்லை. வியாழனிடமிருந்து தப்ப ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகம் வேண்டும்; எனவே மிக இலேசான ஹைட்ரஜனையும் அது விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருவானபோது அதனைச் சூழ்ந்திருந்த இலேசான வாயுக்கள் நிலைக்கவில்லை. பின்னர் எரிமலைகள் பூமியின் வயிற்றிலிருந்து நீராவியையும் கரியமிலவாயுவையும் நைட்ரஜனையும் கக்கின. அதுவே நம் காற்று மண்டலத்தின் தொடக்கம். நீராவி குளிர்ந்து மழையாயிற்று, மழை கடலாயிற்று. கரியமிலவாயுவின் பெரும்பகுதி கடலில் கரைந்து, நாளடைவில் சுண்ணாம்புப் பாறையாக இறுகியது.

அண்டை வீட்டாருக்கு இந்த நல்வாய்ப்பு நிலைக்கவில்லை. சுக்கிரனில் இன்று நீர்நிலை ஒன்றும் இல்லை. அதன் காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமிலவாயு. தரையின் வெப்பம் ஏறத்தாழ 460 டிகிரி சென்டிகிரேடு. செவ்வாயிலும் நூற்றுக்கு 95 பங்கு கரியமிலவாயுவே. ஆனால் அக்காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதன் காற்றில் பெரும்பகுதியைச் சூரியனிலிருந்து வீசும் துகள்கள் சிறுகச் சிறுக அடித்துச் சென்றுவிட்டன.

அவ்வாறாயின், நம் காற்றில் மட்டும் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு இருப்பது எவ்வாறு? 1771-இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் ஒரு சோதனை செய்தார். மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றுள்ள மூடிய கலத்தில் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். சில நாள் கழித்து அக்காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது! கெட்ட காற்றைச் செடி திருத்திவிட்டது. இதற்குச் சூரிய ஒளி வேண்டும் என்பதை 1779-இல் இன்ஜன்ஹவுஸ் காட்டினார். அவ்வாறு வெளிவரும் பிராணவாயு கரியமிலவாயுவிலிருந்து பிரிந்ததன்று, நீரிலிருந்து பிரிந்ததே என்பது 1941-இல் அமெரிக்காவில் நடந்த சோதனைகளால் தெளிவாயிற்று.

இவ்வித்தையை முதலில் கற்றவை மரங்களல்ல; நீலப்பசும் பாசி என வழங்கப்பெறும் கடல் நுண்ணுயிர்கள். அவை வெளிவிட்ட பிராணவாயு உடனே காற்றில் சேரவில்லை. கடல் நீரில் கரைந்திருந்த இரும்பு அதனைக் கவர்ந்து, துருவாகி அடியில் படிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைகளில் இன்று வெட்டியெடுக்கும் இரும்புத்தாது அவ்வாறு படிந்த பாறைகளிலிருந்தே கிடைக்கிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் பிராணவாயு தங்கத் தொடங்கிற்று. இன்றைய அளவை நெருங்க மேலும் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் சென்றன.

ஏன் இத்தனை காலம்? ஒரு செடி தன் வாழ்நாளில் பிராணவாயுவை ஈகிறது. மடிந்து மக்கும்போது ஏறத்தாழ அதே அளவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வரவும் செலவும் சரியாகிவிடுகின்றன. மடிந்த உயிர்ப்பொருளில் மிகச் சிறு பகுதி மக்காமல் மண்ணுள் புதையும்போதுதான், அதற்குரிய பிராணவாயு காற்றில் மிச்சமாகிறது. அந்தச் சிறுசேமிப்பே நம் மூச்சு. புதைந்த பகுதியில் சிறு பங்குதான் நிலக்கரியும் எண்ணெயும்.

அவற்றை நாம் இன்று எரிக்கிறோம். அதனால் பிராணவாயு தீர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டா. அந்தச் சேமிப்பு மிகப் பெரிது. கரியமிலவாயுவின் கதை வேறு. காற்றின் பத்து இலட்சம் பங்கில் 1958-இல் 315 பங்காக இருந்த அது, இன்று 420-ஐக் கடந்துவிட்டது. அதன் அளவு சிறிதாதலின் ஏற்றம் பெரிதாகிறது. பூமியின் வெப்பமும் உடன் ஏறுகிறது.

2021-இல் செவ்வாயில் இறங்கிய அமெரிக்க ஊர்தியில் பிராணவாயு செய்யும் கருவி ஒன்று இருந்தது. இரண்டாண்டுகளில் அது செய்தது 122 கிராம். ஒரு மனிதனுக்குச் சில மணி நேரத்துக்கே அது போதும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களோ ஓர் உலகம் முழுவதற்கும் மூச்சு ஈட்டி வைத்தன. அடுத்த மூச்சை உள்ளிழுக்கும்போது அவற்றை ஒரு கணம் நினைவுகூர்வோம்.